மாட்டின் ஈரலில் தட்டைப்புழு: சாணத்திலிருந்து நத்தை வரை தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மாடு நன்றாகத் தின்கிறது, ஆனால் உடம்பு தேறவில்லை. பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மேய்ந்துவிட்டுத் திரும்பும்போது தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம் தெரிகிறது. "போன மாதம்தான் குடற்புழு ஊசி போட்டோம்" என்கிறார் வீட்டுக்காரர். என்ன ஊசி என்று விசாரித்தால் பெரும்பாலும் ஐவர்மெக்டின். உருண்டைப்புழுவுக்கும் உண்ணிக்கும் அது நல்ல மருந்துதான். தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது. மாட்டின் பித்தக் குழாய்க்குள் புழு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

குடற்புழு நீக்கம் என்றாலே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு மருந்தைப் புகட்டுவது என்று ஆகிவிட்டது. எந்தப் புழு, எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது, எந்த வயதுப் புழுவை இந்த மருந்து கொல்லும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் கிடைக்கும். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இரண்டு டம்ளரும் ஒரு டீ வடிகட்டியும் ஒரு சாதாரண மைக்ராஸ்கோப்பும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவ மாணவர்கள், பள்ளி, கல்லூரியில் சிறிய ஆய்வு செய்ய நினைக்கும் உயிரியல் ஆசிரியர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் புழுவின் பயணம்

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு யோசனையும் இதிலிருந்துதான் வருகிறது.

நம் ஊர் சமவெளிகளில் மாட்டுக்கும் எருமைக்கும் வரும் ஈரல் தட்டைப்புழு ஃபாசியோலா ஜைஜான்டிகா. அதன் குளிர்நாட்டு உறவுக்காரன் ஃபாசியோலா ஹெபாட்டிகா. இந்தியாவில் அது இமயமலைப் பகுதிகளில் உண்டு. ஜைஜான்டிகா நீண்ட இலை வடிவில் 7 சென்டிமீட்டர் வரை வளரும். அது பித்தக் குழாயில் இடும் முட்டை பித்தத்தோடு குடலுக்கு இறங்கி, சாணத்தில் வெளியே வருகிறது. சாணம் காய்ந்துபோனால் முட்டையும் செத்துவிடும். மழையோ வாய்க்கால் தண்ணீரோ சாணத்தைக் கரைத்துக்கொண்டு போனால், இரண்டு மூன்று வாரத்தில் முட்டையிலிருந்து நுண்மயிர் போர்த்த ஒரு குஞ்சுப்புழு நீந்தி வெளிவரும். அதற்கு ஒரு நாள்கூட முழு ஆயுள் கிடையாது. அதற்குள் சரியான நத்தையைப் பிடித்தாக வேண்டும்.

நத்தைக்குள் போனபின் நடப்பதுதான் இந்தப் புழுவின் பெரிய பலம். உள்ளே அது பல தலைமுறையாகப் பெருகுகிறது. ஒரே ஒரு குஞ்சுப்புழு நுழைந்த நத்தையிலிருந்து 600-க்கும் மேற்பட்ட வாலுள்ள இளம்புழுக்கள் வெளிவர முடியும். இதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். குளிர் கூடினால் இன்னும் அதிகம். வெளியே வந்த இளம்புழு தண்ணீருக்குள் இருக்கும் புல்லிலோ நெல்தாளிலோ ஒட்டி, வாலை உதிர்த்துவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அந்தக் கூடு. ஈரம் இருக்கும்வரை அது மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

மாடு அந்தப் புல்லைத் தின்றதும் கூடு குடலில் உடைகிறது. இளம்புழு குடல் சுவரைத் துளைத்து, வயிற்றறைக்குள் நீந்தி, ஈரலின் மேலுறையைக் கிழித்து உள்ளே போகிறது. பல வாரம் ஈரல் சதைக்குள் சுரங்கம் தோண்டியபடி திரிந்துவிட்டுத்தான் பித்தக் குழாயை அடைகிறது. ஜைஜான்டிகா முட்டையிடத் தொடங்க, மாடு அதைத் தின்ற நாளிலிருந்து மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். இந்த மூன்று நான்கு மாத இடைவெளியை நன்றாக நினைவில் வையுங்கள். சாணப் பரிசோதனை ஏமாற்றுவதும், மருந்து வீணாவதும் இங்கேதான்.

இந்தச் சுற்றை மனிதர்கள் கண்டுபிடித்த கதையும் சின்னது இல்லை. 1879-80 மழைக்காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் ஏறக்குறைய 30 லட்சம் செம்மறியாடுகள் ஈரல் புழுவால் செத்தன. அதன் பிறகுதான் ஆக்ஸ்போர்டில் இருந்த ஆல்ஜெர்னான் தாமஸ் என்ற இளைஞரிடம் இதை ஆராயச் சொன்னார்கள். அவரும் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ருடால்ஃப் லாய்கார்ட்டும் தனித்தனியே, 1881 முதல் 1883-க்குள், நத்தை வழியாகப் போகும் பாதையைக் கண்டுபிடித்தார்கள். உலகில் ஒரு தட்டைப்புழுவின் வாழ்க்கைச் சுற்று முழுவதும் தெரியவந்தது அதுவே முதல் முறை. புல்லில் ஒட்டிய கூட்டைத் தின்பதால்தான் தொற்று வருகிறது என்பதை 1890-களில் ஹவாய்த் தீவில் இருந்த பிரேசில் நாட்டு மருத்துவர் அடோல்ஃபோ லூட்ஸ் நிரூபித்தார். இன்று நாம் வைக்கோலைப் பற்றியும் வாய்க்கால் ஓரப் புல்லைப் பற்றியும் பேசுவதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

படி 1: எந்த மாட்டைச் சந்தேகப்படுவது

ஒரு முழுப்புழு நாளொன்றுக்கு அரை மில்லி வரை ரத்தத்தை வீணாக்கும். பத்துப் புழு என்றால் பெரிய மாடு தாங்கிக்கொள்ளும். நூறு புழு என்றால் கண் இமையின் உள்பக்கம் வெளுக்கும், ரோமம் சிலிர்த்து நிற்கும், தாடை வீங்கும். பெரும்பாலான மாடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அவை நோயாகவே தெரியாது. பால் குறையும், சினை பிடிக்கத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தாடை வீக்கத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆடுகளில் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும். சின்னக் கன்றுகளிலும் குட்டிகளிலும் நாற்றமெடுக்கும் நீர்க் கழிச்சலோடு வீக்கம் வந்தால், வயிற்றுத் தட்டைப்புழுவாக இருக்கலாம். ஈரல் புழுவின் உறவான அது முற்றியபின் முன்வயிற்றில் வாழும், இளவயதில் குடலில் இருக்கும்.

செம்மறியாடு வேறு கதை. ஒரே சமயத்தில் ஏராளமான கூடுகளைத் தின்றுவிட்டால், இளம்புழுக்கள் ஈரலைத் துளைக்கும் கட்டத்திலேயே ரத்தக்கசிவில் ஆடு திடீரென்று செத்துவிழும். அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், கிடை போட ஆடுகளைக் காவிரிப் படுகைக்கு ஓட்டி வருவதுண்டு. வறண்ட நிலத்து ஆடு ஈரமான நெல் அறுத்த வயலுக்குள் இறங்கும்போது இந்த ஆபத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

படி 2: சாணம் எடுப்பது

தரையில் கிடக்கும் சாணம் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுங்கள். ஒரு மாட்டுக்கு 20 கிராம் போதும். மூடியுள்ள டப்பாவில் போட்டு மாட்டின் அடையாளம், வயது, மேயும் இடம், கடைசியாகக் கொடுத்த மருந்து, தேதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாளைக்குள் பார்த்துவிடலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. முட்டையை மட்டும் பார்ப்பதானால் 10 சதவீத ஃபார்மலினில் போட்டு வைத்தாலும் சரி.

எத்தனை மாட்டில் எடுப்பது? இதில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஊரில் நூற்றுக்கு முப்பது மாட்டுக்குப் புழு இருந்தால், பத்து மாட்டைப் பார்த்தும் ஒன்றுகூட அகப்படாமல் போக வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. நூற்றுக்குப் பத்து மாட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் அதே பத்து மாட்டில் ஒன்றும் அகப்படாமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் பத்து மாட்டைப் பார்த்துவிட்டு "எங்கள் ஊரில் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. முப்பது மாட்டையாவது பாருங்கள். எருமைகளை விட்டுவிடாதீர்கள். அவை நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவை. நோய் வெளியே தெரியாமல் முட்டையைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

படி 3: படிய வைத்துப் பார்ப்பது

உப்புக் கரைசலில் மிதக்கவிடும் முறையைத்தான் பல இடங்களில் வழக்கமாகச் செய்கிறார்கள். உருண்டைப்புழு முட்டைக்கும் நாடாப்புழு முட்டைக்கும் அது சரி. தட்டைப்புழு முட்டை கனமானது. உப்புத் தண்ணீரில் மேலே வராது. மிதக்கும் முறையில் மட்டும் பார்த்துவிட்டு "முட்டை இல்லை" என்று எழுதிக் கொடுத்த அறிக்கை தட்டைப்புழுவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

படிய வைக்கும் முறை இப்படி. சுமார் 5 கிராம் சாணத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். டீ வடிகட்டி வழியாக உயரமான கண்ணாடி டம்ளரில் வடித்து, மேலே சுத்தமான தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பிறகு மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மெதுவாக, ஒரே சாய்வில் ஊற்றுங்கள். அடியில் உள்ள படிவு புரளக் கூடாது. மறுபடி தண்ணீர் நிரப்பி ஐந்து நிமிடம். மேல்தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை இதையே செய்யுங்கள். அவசரப்பட்டு மூன்றாவது நிமிடத்திலேயே ஊற்றினால், போவது முட்டைதான். இந்த வேலையில் திறமை என்பது பெரும்பாலும் பொறுமையாக ஊற்றத் தெரிவதுதான்.

கடைசியில் மிஞ்சும் படிவில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பாருங்கள். மைக்ராஸ்கோப்பின் 4 அல்லது 10 மடங்கு லென்ஸ் போதும். சாணத்தில் உள்ள நார், இலைத் துணுக்கு எல்லாம் நீலமாகிவிடும். ஈரல் தட்டைப்புழு முட்டை மட்டும் பித்தச் சாயம் ஏறிப் பொன்மஞ்சளாகத் தெரியும். நீள்வட்டம், மெல்லிய ஓடு, ஒரு முனையில் சிறிய மூடி, உள்ளே மஞ்சள் மணிகள் ஓடுவரை நிறைந்திருக்கும். நீளம் 150 மைக்ரானுக்கு மேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முதன்முறை பார்ப்பவர்களுக்கே நீலத்துக்கு நடுவில் அந்த மஞ்சள் பளிச்சென்று கண்ணில் படும்.

குழப்பம் வருவது வயிற்றுத் தட்டைப்புழு முட்டையோடுதான். அளவும் மூடியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதில் மஞ்சள் ஏறியிருக்காது. நிறமில்லாமல், உள்ளே இருக்கும் அணுக்கள் தனித்தனியாகத் தெரியும்படி தெளிவாக இருக்கும். நம் மாடுகளில் இந்த நிறமில்லாத முட்டை மிகச் சாதாரணம். இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் எண்ணினால் முழு ஆய்வும் வீண். சந்தேகமாக இருந்தால் மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நிறத்தை மறுபடி பாருங்கள். அப்படியும் தெரியாத முட்டையைத் "தெளிவில்லை" என்ற தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

படி 4: முட்டை இல்லையென்றால்

இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. முதல் மூன்று மாதம் புழு முட்டையே இடாது. முட்டையிடும் புழுவும் ஒரே சீராக வெளிவிடாது. பித்தப்பையில் தேங்கி அலை அலையாக வரும். அதனால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி பார்ப்பது பலன் தரும்.

சாணத்திலேயே புழுவின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் எலைசா பரிசோதனை இருக்கிறது. முட்டை வருவதற்குச் சில வாரம் முன்பே அது காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஆனால் புழு செத்த பிறகும் அது பல மாதம் "இருக்கிறது" என்றே சொல்லும். இவையெல்லாம் ஆராய்ச்சி நிலையங்களில் நடப்பவை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் சாணம் கொடுத்துப் பார்க்கலாம். படிய வைத்துப் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி ஈரல்தான். ஆடு அறுக்கும் இடத்தில் ஈரலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பித்தக் குழாய் தடித்து வெளுத்து மேலே துருத்திக்கொண்டு நிற்கும். முற்றிய மாட்டு ஈரலில் கத்தி வைத்தால் சுண்ணாம்பு நறநறக்கும். கத்தரிக்கோலால் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, ஈரலை அழுத்தினால் புழு வழுக்கி வெளியே வரும். பிறகு ஈரலை விரல் கனத் துண்டுகளாக நறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்தால் குட்டிப்புழுக்களும் கிடைக்கும்.

அதே ஈரலில் நீர் நிறைந்த கட்டி இருந்தால் கவனம். அது தட்டைப்புழு இல்லை. நாயின் குடலில் வாழும் ஒரு குட்டி நாடாப்புழுவின் இளநிலை. அந்தக் கட்டியை நாய் தின்றால் நாய்க்குள் புழு வளரும். நாயின் மலத்தில் வரும் முட்டை மனிதருக்குள் போனால் மனித ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி உருவாகும். கழித்த ஈரலைக் கடைவாசல் நாய்க்கு வீசும் பழக்கத்தை எங்கே கண்டாலும் தடுக்க வேண்டும். ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள்.

படி 5: நத்தையைத் தேடுவது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான். மாட்டில் புழு இருக்கிறது என்று சாணம் சொல்லும். எந்தக் குட்டையில் வாங்கியது என்று நத்தைதான் சொல்லும்.

கால் முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கையில் உறை. இது கட்டாயம். மாட்டின் ரத்தக் குழாய்க்குள் வாழும் ரத்தத் தட்டைப்புழுவின் இளம்புழுக்கள் தண்ணீரில் இருந்தால் தோலில் நுழைந்து அரிப்பும் தடிப்பும் வரும். ஆழமான தண்ணீரில் தேடாதீர்கள். ஓரத்தில், ஓட்டம் குறைந்த இடத்தில், மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் துறையில், தாமரை, ஆகாயத்தாமரை இலைகளின் அடிப்பக்கத்தில் பாருங்கள். நீளக் குச்சியில் கட்டிய வடிகட்டியால் செடியோடு சேர்த்து அள்ளலாம்.

வரும் நத்தைகளில் இரண்டைப் பிரித்துக்கொண்டால் போதும். ஒன்று லிம்னியா: மெல்லிய, கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் ஓடு, கூம்பு வடிவம். நுனியை மேலே வைத்து வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். ஈரல் தட்டைப்புழு இதற்குள்தான் வளரும். இடப்பக்கம் வாய் இருந்தால் அது வேறு நத்தை, விட்டுவிடுங்கள். இன்னொன்று இண்டோப்ளனார்பிஸ்: கூம்பே இல்லாமல் தட்டையாகச் சுருண்டது, பழுப்பு நிறம், நசுக்கினால் சிவப்பு நீர் வரும். இது வயிற்றுத் தட்டைப்புழுவுக்கும் மாட்டின் ரத்தத் தட்டைப்புழுக்களுக்கும் வீடு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நத்தைக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. குளோரின் இல்லாத தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்றால் நல்லது. வெளிச்சம் படும்படி சில மணி நேரம் வையுங்கள். பிறகு கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துக் குப்பியைப் பாருங்கள். தொற்றிய நத்தை என்றால் தண்ணீரில் வெண்புள்ளிகள் துள்ளிக்கொண்டிருக்கும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வால் ஒற்றையாக இருந்து, கொஞ்ச நேரத்தில் வாலை விட்டுவிட்டுக் கண்ணாடிச் சுவரில் வெள்ளைப் புள்ளியாக ஒட்டிக்கொண்டால் ஈரல் தட்டைப்புழுவாக இருக்கலாம். உடம்பு கருத்து, இரண்டு கண்புள்ளி இருந்தால் வயிற்றுத் தட்டைப்புழு. வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் ரத்தத் தட்டைப்புழு வகை. ஒன்றும் வெளிவராத நத்தையை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் நசுக்கி, உள்ளே வளரும் நிலை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் குப்பித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கொதிக்கும் நீரை விட்டுக் கொன்றுவிட்டுக் கொட்டுங்கள்.

குறட்டை விடும் மாடு

ரத்தத் தட்டைப்புழு என்றதும் சொல்லாமல் போக முடியாத ஒன்று உண்டு. மாடு மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம், மூக்கிலிருந்து சளி, சில சமயம் ரத்தம், மூக்கினுள் பூக்கோசுபோல் சதை வளர்ச்சி. பலர் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்குக் காரணமான சிஸ்டோசோமா நேசலே என்ற புழுவை 1933-ல் உலகுக்கு விவரித்தவர் சென்னையில் ஆய்வு செய்த எம். அனந்த நாராயண ராவ். மூக்கின் ரத்தக் குழாய்க்குள் வாழும் இந்தப் புழுவின் முட்டை சளியில் வருகிறது. மாடு தண்ணீர் குடிக்கும்போது அது குட்டையில் விழுந்து நத்தைக்குப் போகிறது. சளியை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வளைந்த பூமராங் வடிவ முட்டை தெரியும். எருமையில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. மாடும் எருமையும் ஒரே குட்டையில் இறங்கும் ஊரில் மாடு மட்டும் குறட்டை விடுவதற்கு இதுதான் விளக்கம்.

படி 6: மருந்து

எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ட்ரைக்ளாபெண்டசோல் மட்டும்தான் வாரக் கணக்கிலான இளம்புழுவிலிருந்து முழுப்புழுவரை கொல்லும். ஆடு திடீரென்று சாகத் தொடங்கினால் தேவைப்படுவது இதுதான். பால் மாட்டுக்கு இதைக் கொடுக்கப் பல நாடுகளில் அனுமதி இல்லை. ஆக்சிக்ளோசனைடு முழுப்புழுவை மட்டும் கொல்லும். பால் மாடுகளுக்கு அதிகம் பயன்படுவது இது. அல்பெண்டசோலும் முழுப்புழுவைத்தான் தொடும், அதுவும் உருண்டைப்புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில். சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் கொடுத்தால் கருவுக்கு ஆபத்து. க்ளோசன்டல் அளவு மீறினால் ஆட்டின் கண்பார்வை போய்விடும். எதைக் கொடுத்தாலும் பாலையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று லேபிளைப் படியுங்கள்.

குத்துமதிப்பாகக் கொடுத்தால் அளவு குறையும். குறைந்த அளவில் தப்பிய புழுதான் மருந்தை எதிர்க்கும் தலைமுறையைப் பெறும். ட்ரைக்ளாபெண்டசோலுக்கு மசியாத புழு ஆஸ்திரேலியாவில் 1995-லேயே பதிவாகிவிட்டது. எடை பார்க்க இயந்திரம் இல்லையென்றால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து அதையே அதனால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து இடுப்பெலும்பின் பின்முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி 660-ஆல் வகுங்கள். சுற்றளவு 60, நீளம் 48 என்றால் சுமார் 262 கிலோ.

எப்போது கொடுப்பது? காவிரிப் படுகையை எடுத்துக்கொண்டால் வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் வற்றும்போது மாடுகள் வாய்க்கால் ஓரத்துப் பச்சையைத் தேடி இறங்கும். கூடு ஒட்டிய புல் அங்கேதான் இருக்கும். அந்த மாதங்களில் தின்றது மே, ஜூன் வாக்கில் முழுப்புழுவாகும். புதுத் தண்ணீர் வருவதற்கு முன் அதைக் கொன்றால் முட்டை வாய்க்காலுக்குப் போகாது. மழைக்காலத்தில் தொற்றியதற்கு அறுவடை முடிந்த பிறகு இன்னொரு முறை. இது ஒரு தொடக்கக் கணக்கு. உங்கள் ஊர்ச் சாணத்திலும் நத்தையிலும் மாதாமாதம் என்ன வருகிறது என்பதைப் பார்த்துத் தேதியை நகர்த்துங்கள்.

மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து அதே மாடுகளின் சாணத்தை மறுபடி பாருங்கள். அதற்கு முன் பார்த்தால், பித்தப்பையில் தங்கிய பழைய முட்டை வந்து குழப்பும்.

படி 7: தண்ணீரும் வைக்கோலும்

மயில்துத்தம் போட்டு நத்தையைக் கொல்லச் சொல்லும் பழைய ஆலோசனை இன்னும் சுற்றுகிறது. அது மீனையும் தவளையையும் சேர்த்துக் கொல்லும்; நத்தை சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். செய்யாதீர்கள்.

இதைவிட நல்ல பாடம் இந்தோனேசியாவிலிருந்து கிடைத்தது. மேற்கு ஜாவாவின் நெல் வயல்களில் 1990-களில் ஜைஜான்டிகாவை ஆராய்ந்தவர்கள், தொழுவத்துக்கு அருகில் உள்ள, பச்சைச் சாணம் போய்ச் சேரும் வயலில்தான் தொற்றிய நத்தை அதிகம் என்று கண்டார்கள். கூடுகள் நெல்தாளின் தண்ணீருக்குள் நின்ற அடிப்பகுதியில்தான் ஒட்டியிருக்கும். அதனால் தாளின் அடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கழித்துவிட்டு மேல்பகுதியை மட்டும் மாட்டுக்குப் போடச் சொன்னார்கள். இன்னொரு யோசனை வியப்பானது: வாத்தின் ஒரு தட்டைப்புழுவும் இதே நத்தைக்குள் வளர்கிறது, அது உள்ளே புகுந்தால் மாட்டுப் புழுவின் இளநிலைகளை விரட்டித் தின்றுவிடும். அதனால் தொழுவச் சாணத்தோடு வாத்து எச்சத்தையும் சேர்த்து வயலுக்குப் போகும்படி செய்து பார்த்தார்கள். நம் படுகையிலும் அறுவடைக்குப் பின் வாத்து மேய்க்கிறார்கள். இங்கே யாராவது முறையாக ஆராய வேண்டிய கேள்வி இது. முதுகலை மாணவர் ஒருவருக்கு அருமையான தலைப்பு.

வீட்டளவில் செய்ய முடிந்தவை: சாணத்தை மட்கவைத்தோ சாண எரிவாயுக் கலனில் போட்டோ பிறகே வயலுக்குக் கொண்டுபோவது, தொட்டியில் தண்ணீர் காட்டுவது, துறையின் ஓரத்தை முள்வேலி போட்டு மறைப்பது, வைக்கோலை நன்றாகக் காயவைத்து அடுக்குவது. வெயிலில் முற்றிலும் காய்ந்த வைக்கோலில் கூடு பிழைக்காது. ஈரத்தோடு கொண்டுவந்த புது வைக்கோலும் வாய்க்கால் ஓரம் அறுத்த பச்சையும்தான் பயப்பட வேண்டியவை.

மனிதருக்கு வந்தால்

வரும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு ஈரல் தட்டைப்புழு இருக்கிறது, 70-க்கும் மேற்பட்ட நாடுகளில். பொலிவியாவின் மேட்டுநிலமும் எகிப்தின் நைல் படுகையும் அதிகம் பாதித்த இடங்கள். இந்தியாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பதிவாகிறது. ஈரல் கறி தின்பதால் இது வருவதில்லை. தண்ணீரில் வளர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்பதாலும் குட்டைத் தண்ணீரைக் குடிப்பதாலும் வருகிறது. மாடு இறங்கும் வாய்க்காலின் ஓரத்தில் பறித்த வல்லாரையையோ வள்ளைக்கீரையையோ பச்சடி, சம்பல் என்று பச்சையாகச் சாப்பிட வேண்டாம். அலசினால் கூடு போகாது, வேகவைத்தால்தான் சாகும்.

மற்ற தட்டைப்புழுக்களின் வழி வேறு. தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை மீன் உணவு வழியாக வரும் ஓபிஸ்தோர்கிஸ் புழு பித்தக் குழாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. அங்கே கோன் கேன் பகுதியின் லாவா ஏரியைச் சுற்றிய ஊர்களில் மனிதர், பூனை, மீன், நத்தை எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் கவனித்து நோயைக் குறைத்தார்கள். மணிப்பூரில் ஆற்று நண்டைப் பச்சையாகத் தின்பவர்களுக்கு நுரையீரல் தட்டைப்புழு வருகிறது. இருமலில் ரத்தம் வருவதால் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு.

ஈரல் புழுவின் தொடக்கத்தில் காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் மிக அதிகம். அந்தக் கட்டத்தில் மலத்தில் முட்டை இருக்காது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் உதவும். மாறாக, ஒன்றுமே இல்லாதவரின் மலத்திலும் முட்டை தெரியலாம்: புழு இருந்த ஈரலை முந்தின நாள் சாப்பிட்டிருப்பார். அதனால் ஒரு வாரம் ஈரல் சாப்பிடாமல் இருந்துவிட்டு மறுபடி பரிசோதிக்க வேண்டும். சிகிச்சை ட்ரைக்ளாபெண்டசோல்தான், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் மேற்பார்வையில். மற்ற பல தட்டைப்புழுக்களுக்கு நன்றாக வேலை செய்யும் ப்ராசிக்வாண்டல் இதற்கு வேலை செய்யாது. கால்நடைக்கு வாங்கி வைத்த மருந்தை மனிதர் குடிக்கவே கூடாது. காரணம் தெரியாத ஈரல் வலியோடு டாக்டரிடம் போகும்போது, வீட்டில் மாடு இருப்பதையும், அந்த மாட்டுச் சாணத்தில் மஞ்சள் முட்டை வந்ததையும், எந்த வாய்க்கால் கீரையைச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அவர் கேட்காமலேயே சொல்லுங்கள்.